அரை லீற்றர் போத்தலும் ஒரு மூடை யூரியாவும்: நனோ உரத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படைகள்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் "நனோ" என்ற சொல் பரவலாக அடிபடத் தொடங்கியது 2021இல். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. தேயிலைக்கும் மரக்கறிக்கும் போட உரமில்லாமல் தவித்த நிலையில், ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவ உரம் விமானத்தில் வந்திறங்கியது. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால் அன்று கிளம்பிய கேள்விக்கு இன்றுவரை பலருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. அரை லீற்றர் போத்தல் ஒன்று, தோளில் தூக்க முடியாத யூரியா மூடையின் வேலையைச் செய்யுமா?

விடை சொல்ல உரத்திலிருந்து தொடங்க முடியாது. நனோ என்றால் என்ன, அந்த அளவில் எது மாறுகிறது, எது மாறாது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எவ்வளவு சிறியது?

ஒரு மீற்றரை நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் நனோமீற்றர். மில்லிமீற்றரில் சொன்னால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தெரிந்த பொருள்களை வரிசையில் வைத்துப் பார்ப்போம்.

1. தலைமயிரின் தடிப்பு: ஏறத்தாழ 80,000 முதல் 100,000 நனோமீற்றர்
2. குருதியின் செங்குழியம்: ஏறத்தாழ 7,000
3. சாதாரண பற்றீரியா: ஏறத்தாழ 1,000
4. கொரோனா வைரசு: ஏறத்தாழ 100
5. டிஎன்ஏ இழையின் அகலம்: 2
6. தங்க அணு: 0.3க்குச் சற்றுக் குறைவு

நீளம், அகலம், உயரம் ஆகியவற்றில் ஒன்றாவது 1 முதல் 100 நனோமீற்றருக்குள் இருந்தால் அதை நனோப்பொருள் என்பது பொதுவான வழக்கம். ஒரு பொருளில் எல்லாத் துகள்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் திருத்திய வரையறை, எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாத துகள்கள் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 100 என்பது இயற்கை வரைந்த கோடு அல்ல. 110 நனோமீற்றர் துகளொன்று திடீரெனச் சாதாரணப் பொருளாகிவிடாது. ஒழுங்குவிதி எழுதுவதற்கு எங்கேயாவது ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கைத்தொலைபேசியின் நனோ சிம், வீதியில் ஓடும் நனோ கார் ஆகியவற்றுக்கும் இந்த அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை வெறும் பெயர்கள். விளம்பரங்களில் வரும் "3 நனோமீற்றர் சிப்" என்பதும் உற்பத்தித் தலைமுறையின் வணிகப் பெயரே. அந்தச் சிப்பின் உள்ளே எந்த உறுப்பும் சரியாக 3 நனோமீற்றரில் இருப்பதாக அதற்குப் பொருளில்லை.

சிறிதானால் குணம் ஏன் மாறுகிறது?

காரணங்கள் இரண்டு. முதலாவது பள்ளிக் கணக்கிலேயே பிடிபடும்.

1. மேற்பரப்பு பெருகுகிறது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர். ஒரு நனோமீற்றர் கனசதுரங்களாக வெட்ட முடிந்தால் 6,000 சதுர மீற்றர். அதாவது விரல் நுனியில் நின்ற ஒரு சிறு கட்டி, ஒன்றரை ஏக்கர் தேயிலை மலையை மூடும் அளவுக்கு முகம் காட்டுகிறது. இரசாயனத் தாக்கம் பொருளின் மேற்பரப்பிலேயே நடக்கிறது. எனவே அதே பொருள், அதே எடை, ஆனால் பல மடங்கு வேகமான தாக்கம். ஊக்கி, பற்றரி, நீர் வடிகட்டி ஆகிய துறைகளில் நனோப்பொருள்களை நாடுவது இதற்காகவே.

2. குவாண்டம் விளைவுகள் வெளிப்படுகின்றன. பொருள் மிகச் சிறிதாகும்போது அதனுள் இலத்திரன்கள் நடமாடும் இடம் நெருக்கமாகிறது. அவை எந்தச் சக்தி மட்டங்களில் இருக்கலாம் என்பது துகளின் அளவைப் பொறுத்து மாறுகிறது. ஒரே சேர்வையாலான நுண்துகள்கள் அளவுக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்வது இதனால்தான். இவை குவாண்டம் புள்ளிகள் எனப்படுகின்றன. இவற்றுக்காக மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகியோருக்கு 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தங்கம் இன்னொரு வகை. சில பத்து நனோமீற்றர் அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் மிதக்கும்போது, அவற்றின் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால், நீர் மஞ்சளாக இராது, சிவப்பாக இருக்கும். 4ஆம் நூற்றாண்டு ரோமானியர் செய்த லைகர்கஸ் கிண்ணம் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்திருக்கும் தங்க, வெள்ளி நனோத்துகள்களின் வேலை அது. செய்த கைவினைஞருக்குத் துகளின் அளவு தெரிந்திருக்க வழியில்லை.

சிறிதானால் நிறம் மாறும், தாக்கத்தின் வேகம் மாறும், உருகுநிலைகூட இறங்கும். மாறாத ஒன்று உண்டு. அது திணிவு. பத்துக் கிராம் பொருளை எவ்வளவு பொடியாக்கினாலும் அது பத்துக் கிராம்தான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால் இந்த வரியையே வைத்துக்கொள்ளுங்கள். உரத்தைப் பற்றிய குழப்பம் முழுவதும் இங்கேதான் கிடக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

வழிகள் இரண்டு. பெரியதை அரைத்தோ செதுக்கியோ சிறிதாக்குவது மேலிருந்து கீழ் செல்லும் முறை. அணுக்களையும் மூலக்கூறுகளையும் சேர்த்து வளர்த்தெடுப்பது கீழிருந்து மேல் செல்லும் முறை. இரண்டாவது முறைக்கு மலைநாட்டுப் பொருளே உதவுகிறது. தேயிலைச் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளி நனோத்துகள்களைப் படியவைக்க வல்லவை. கரைசல் மெல்ல மஞ்சள் கலந்த பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். கடுமையான இரசாயனங்கள் தேவைப்படாததால் இதைப் பசுமைத் தொகுப்பு என்கிறார்கள்.

அணுக்களை ஒவ்வொன்றாகக் கையாளலாம் என்ற எண்ணத்தை ரிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பரில் ஓர் உரையில் முன்வைத்தார். நனோ தொழில்நுட்பம் என்ற பெயரை 1974இல் சூட்டியவர் ஜப்பானிய அறிஞர் நொரியோ தனிகுச்சி. 1981இல் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகியோர் வடிவமைத்த நுணுக்குக்காட்டியால் அணுக்களைப் "பார்க்க" முடிந்த பிறகே இத்துறை பேச்சிலிருந்து ஆய்வுகூடத்துக்கு வந்தது.

கரைசல் வேறு, துகள் வேறு

உரத்துக்கு வருமுன் இன்னொரு வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். யூரியா நீரில் நன்றாகக் கரையும். கரைந்தபின் அது தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நனோமீற்றருக்கும் குறைவு. ஆகவே வாளித் தண்ணீரில் கரைத்த சாதாரண யூரியாவே நனோத்துகளைவிட நுண்ணியது. அதனால் "எங்கள் உரம் மிகமிகச் சிறிய வடிவில் இருக்கிறது" என்று சொல்வது மட்டும் ஒரு சிறப்பாகிவிடாது.

நீரில் கரையும் பொருளொன்றை நனோ உரம் என்று அழைக்க வேண்டுமானால், அதைச் சுமக்கவோ மூடிவைக்கவோ கரையாத ஒரு நனோத்துகள் இருக்க வேண்டும். அந்தத் துகள் எதனாலானது என்பதே முதற்கேள்வி.

போத்தலின் கணக்கு

இந்தியாவின் இஃப்கோ நிறுவனம் 2021இல் சந்தைப்படுத்திய நனோ யூரியாவில் நைதரசன் 4 சதவீதம். 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடை ஒன்றுக்கு மாற்று என்று அறிவிக்கப்பட்டது. இதைப் படிப்படியாகக் கணக்கிடலாம்.

1. போத்தலில் உள்ள நைதரசன்: 500இல் 4 சதவீதம், அதாவது 20 கிராம்.
2. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். 45 கிலோ மூடையில் 20.7 கிலோ.
3. வேறுபாடு ஆயிரம் மடங்குக்கும் மேல்.
4. மண்ணில் இடும் யூரியாவில் பாதிக்கு மேல் வீணாகிறது என்பது உண்மை. பயிருக்குச் சேர்வது 10 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். போத்தலின் 20 கிராமில் ஒரு துளிகூட வீணாகவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 500 மடங்கு இடைவெளி.

2024இல் வந்த புதிய வகையில் நைதரசன் 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அப்படியானால் போத்தலுக்கு 100 கிராம். இடைவெளி குறைந்தது, மூடவில்லை.

நெல்லுக்கும் கோதுமைக்கும் சொல்லப்பட்ட இந்தக் கணக்கைத் தேயிலைக்குப் போட்டுப் பார்ப்போம். தேயிலையில் நாம் எடுப்பது இலையைத்தான், அதுவும் நைதரசன் செறிந்த இளம் கொழுந்தை. பெண்ணொருவர் ஒரு நாளில் 18 கிலோ பச்சைக் கொழுந்து பறித்துக் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கிறார் என்று கொள்வோம். ஆலையில் அது ஏறத்தாழ 4 கிலோ தேயிலையாகிறது. தேயிலைத்தூளின் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன். ஆகவே அந்த ஒரு நாள் கொழுந்தோடு மலையை விட்டு வெளியேறும் நைதரசன் ஏறத்தாழ 160 கிராம். 4 சதவீத நனோ யூரியா என்றால் எட்டுப் போத்தல், ஒரே ஒரு பெண்ணின் ஒரு நாள் கூடைக்கு.

ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 1,500 கிலோ தேயிலை கிடைக்கிறது என்றால், கொழுந்தோடு போவது 60 கிலோ நைதரசன். மண்ணின் சேதனப் பொருளும் கவாத்துக் குப்பையும் ஒரு பங்கை ஈடுசெய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டேயிருந்தால் எடுத்ததைக் கிலோக்கணக்கில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இலை பறிக்கும் பயிருக்கு வேறு வழியில்லை.

இந்தத் திணிவுக் கணக்கைத்தான் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹுஸ்டெட் இருவரும் 2023இல் அறிவியல் இதழொன்றில் கடுமையாக எழுப்பினார்கள். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில், யூரியாவின் ஒரு பங்கை நனோ யூரியாத் தெளிப்பால் ஈடுசெய்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது.

இலைக்குள் எப்படிப் போகும்?

தேயிலை இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். அது மெழுகு கலந்த புறத்தோல். நீரில் கரைந்த பொருள்கள் அதனூடாகச் செல்லும் நுண்வழிகள் சில நனோமீற்றர் அகலம் மட்டுமே. தனி யூரியா மூலக்கூறு அதில் நுழையும். 20 முதல் 50 நனோமீற்றர் துகள் நுழையாது. இலை மூச்சுவிடும் துளைகளான இலைவாய்கள் மைக்ரோமீற்றர் (ஆயிரம் நனோமீற்றர்) அளவானவை, துகளுக்குத் தாராளம். ஆனால் தேயிலையில் அவை இலையின் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. மேலிருந்து தெளிக்கும் மருந்து பெரும்பாலும் மேல்பக்கத்திலேயே விழுகிறது. அதன்மேல் மழை. நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ தென்மேற்குப் பருவத்தில் தெளித்த நீர் இலையில் காய நேரம் கிடைப்பதே அரிது.

இதனால் இலைவழி ஊட்டம் பயனற்றது என்று முடிவுகட்டக் கூடாது. தேயிலைக்கு நாக (சிங்க்) சல்பேற்றுத் தெளிப்பது நீண்டகாலமாக நடைமுறையில் இருக்கும், பலன்தரும் வழக்கம். நாகம் போன்ற நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கிராம் கணக்கில்தான் தேவை. தேவையே சிறிதாக இருக்கும்போது, சிறிதளவைத் திறமையாகச் சேர்க்கும் முறைக்கு மதிப்புண்டு. நனோ நாக ஒட்சைட்டு போன்றவற்றின் நியாயமான களம் அதுவே. கிராம் தேவைப்படும் இடத்தில் எடுபடும் வாதத்தைக் கிலோ தேவைப்படும் இடத்தில் வைப்பதுதான் தவறு.

எடையைக் குறைக்காமல் வேகத்தைக் குறைக்கும் வழி

நனோ உரம் என்ற அதே பெயரில் நேர்மாறான இன்னொரு சிந்தனையும் இருக்கிறது. அது நம் நாட்டிலேயே வளர்ந்தது. அதைப் பற்றி மலையகத்தில் அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தம்.

யூரியா மண்ணில் விழுந்ததும் நொதியத்தால் உடைந்து அமோனியமாகிறது. ஒரு பங்கு அமோனியா வாயுவாகப் பறக்கிறது. மீதியைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. நீரோடு நீராகப் போய்விடும். செங்குத்தான மலையில், உரம் போட்ட மறுநாள் கொட்டும் மழையில், அது கான் வழியாக ஓடைக்கும் ஓடையிலிருந்து மகாவலிக்கோ களனிக்கோ இறங்குகிறது. செடிக்குத் தேவை தினமும் கொஞ்சம். யூரியா கொடுப்பதோ ஒரே நேரத்தில் நிறைய.

2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் நில்வலா கொட்டேகொட, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேரஞ்ச கருணாரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இதுதான். அவர்கள் தெரிவுசெய்த சுமைதாங்கி ஹைட்ரொக்சிஅபடைட், அதாவது நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்று. அதை நனோத்துகளாக்கினால் மேற்பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்பில் யூரியா மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. பிறகு மெல்ல மெல்ல விடுபடுகின்றன.

2011இல் வெளியான அவர்களது ஆய்வு மலையகத்துக்கு மிக நெருக்கமானது. யூரியா ஏற்றிய துகள்களைக் கிளிரிசீடியா மரத்தின் நுண்குழிகளுக்குள் அடைத்து, இலங்கையின் வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்த மூன்று மண்களில் சோதித்தார்கள். அவற்றின் பீ.எச். பெறுமானங்கள் 4.2, 5.2, 7. தேயிலை விரும்புவது அமில மண்ணை என்பதால் முதல் இரண்டும் நமக்கு முக்கியம். சந்தை உரம் தொடக்கத்திலேயே பெருமளவு நைதரசனை விட்டுவிட்டு 30 நாள்களுக்குள் ஓய்ந்தது. இவர்களது கலவை தொடக்கத்தில் சற்று வேகமாக விட்டபோதும், 60ஆம் நாளிலும் கொடுத்துக்கொண்டிருந்தது.

2017இல் வெளியான அடுத்த ஆய்வில் யூரியாவும் ஹைட்ரொக்சிஅபடைட்டும் 6:1 என்ற எடை விகிதத்தில் இணைக்கப்பட்டன. கணக்குப் போட்டால் மொத்த எடையில் நைதரசன் 40 சதவீதம். யூரியாவின் 46 சதவீதத்துக்கு மிக அருகில். நீரில் நைதரசன் வெளியேறும் வேகம் ஏறத்தாழ 12 மடங்கு குறைந்தது. நெல் வயல் சோதனையில் பாதியளவு யூரியாவோடு விளைச்சலைத் தக்கவைக்க முடிந்தது என்று அறிவித்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 4 சதவீதம், மற்றதில் 40. முதலாவது, எடை தேவையில்லை என்கிறது. இரண்டாவது, எடையைக் கையில் வைத்துக்கொண்டு வீணாவதைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், ஒன்றின் மீதான நியாயமான சந்தேகம் மற்றதன் தலையிலும் விழுகிறது. இரண்டாவதற்கும் குறை இல்லாமலில்லை. பெருமளவில் மலிவாகத் தயாரிக்க வேண்டும். நெல்லில் கிடைத்த பலனைச் சரிவான தேயிலை மலையில் நிறுவிக்காட்டவும் வேண்டும். ஆனால் அதன் அடிப்படை இயற்கை விதியோடு மோதவில்லை.

உடலுக்குத் தீங்கா?

நனோ என்றாலே நஞ்சு என்பதும், நனோ என்றாலே பாதுகாப்பு என்பதும் இரண்டுமே பிழை. பொருள், வடிவம், அளவு, உடலுக்குள் போகும் வழி ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். கோவிட் தடுப்பூசிகளுள் சிலவற்றில் மரபுச் செய்தியைச் சுமந்தவை கொழுப்பாலான நனோத்துகள்கள். அவை கோடிக்கணக்கானோருக்கு ஏற்றப்பட்டன. மறுபுறம், நீண்டு விறைத்த காபன் நனோக்குழாய்கள் எலிகளின் உடலில் அஸ்பெஸ்டஸ் இழைபோன்ற அழற்சியை உண்டாக்கியதை 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மூச்சுவழியே அதிகக் கவனம் வேண்டியது. முதுகில் தெளிகருவியைச் சுமந்து தெளிப்பவரின் முகத்தருகே நுண்துளிகள் மிதக்கின்றன. எந்தத் திரவ உரமாக இருந்தாலும், அதில் நனோத்துகள் இருப்பதாக விற்பவரே சொல்லும்போது, முகக்கவசமும் கையுறையும் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. நனோத்துகள் நமக்குப் புதிதுமல்ல. லயத்துக் குசினியில் ஈர விறகு எரியும்போது எழும் புகையில் 100 நனோமீற்றருக்குக் குறைந்த கரித்துகள்கள் நிறைந்திருக்கின்றன. தலைமுறைகளாகப் பெண்கள் அதைச் சுவாசித்துவருகிறார்கள். புகைபோக்கி இல்லாத அடுப்பைப் பற்றிக் கவலைப்படாமல் நனோவின் அபாயத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

சிறுதோட்ட உரிமையாளரோ, வெலிமடையில் உருளைக்கிழங்கு செய்பவரோ, தோட்ட அதிகாரியோ, நனோ என்று எழுதிய எதையும் வாங்குமுன் இவற்றைக் கேட்கலாம்.

1. இதில் நனோ அளவில் இருப்பது எது? ஊட்டமா, அதைச் சுமக்கும் துகளா? துகள் என்றால் எதனாலானது?
2. நைதரசன் எத்தனை சதவீதம்? போத்தலின் அளவால் பெருக்கினால் எத்தனை கிராம்?
3. ஒரு ஏக்கருக்கு எத்தனை தடவை, எத்தனை போத்தல், தெளிக்கும் கூலி எவ்வளவு?
4. இந்த உரத்தோடு வழக்கமான உரத்தையும் போடச் சொல்கிறார்களா? அப்படியானால் பலன் எதனால் வந்தது என்பதை எப்படிப் பிரித்தறிந்தார்கள்?
5. தேயிலையில், இந்த உயரத்தில், எத்தனை ஆண்டு சோதித்தார்கள்?

ஐந்தாவது கேள்வியை விட்டுக்கொடுக்கக் கூடாது. நெல் நான்கு மாதத்தில் கணக்கை முடித்துவிடும். தேயிலை அப்படியல்ல. வேரிலும் தண்டிலும் சேமித்ததைக் கொண்டு செடி சில காலம் தாக்குப்பிடிக்கும். உரம் குறைந்தது உடனே வெளியே தெரியாது. 2021இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 300 மில்லியன் கிலோ. உரத்தட்டுப்பாட்டின் அடி முழுமையாக இறங்கிய 2022இல் அது ஏறத்தாழ 250 மில்லியன் கிலோ. தடையின் முதல் சில மாதங்களை மட்டும் பார்த்திருந்தால், உரமில்லாமலும் தேயிலை நிற்கும் என்றுகூட ஒருவர் வாதிட்டிருக்கலாம்.

ஆகவே ஒரு பருவச் சோதனையில் "இலை பச்சையாக இருக்கிறது" என்ற படம் எதையும் நிறுவாது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சோதனை மலைகள் இருக்கின்றன. ஒரு கவாத்திலிருந்து அடுத்த கவாத்துவரை, சம அளவு நைதரசனைச் சாதாரண யூரியாவாகப் பெற்ற பாத்தியோடு ஒப்பிட்டு, கொழுந்தின் எடையையும் கானில் ஓடும் நீரின் நைத்திரேற்றையும் அளந்த பெறுபேறுகளையே விற்பவரிடம் கேட்க வேண்டும்.